விடை கூறப்படாத வழக்கு
எழுதுவினைஞர் கோடீஸ்வரனும் அரசாங்க உத்தியோகத்தின் தகுதியும்

1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தைப் பற்றி எழுதப்படும்போதெல்லாம் பாராளுமன்ற விவாதங்களும் காலிமுகத்திடல் சத்தியாக்கிரகமும் அவற்றைத் தொடர்ந்த கலவரங்களுமே பெரிதும் பேசப்படுகின்றன. அச்சட்டத்தை எதிர்த்து ஓர் அரசாங்க எழுதுவினைஞர் நீதிமன்றத்தில் நடத்திய நீண்ட வழக்கோ சட்ட மாணவர்களின் குறிப்பேடுகளோடு நின்றுவிட்டது. செல்லையா கோடீஸ்வரன் என்ற அந்த எழுதுவினைஞரின் பெயர் இன்றைய இளைய வாசகர்களிற் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இலக்கியச் சஞ்சிகையொன்றில் சட்ட வழக்கொன்றைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். தமிழைத் தாய்மொழியாகவும் இஸ்லாத்தை மார்க்கமாகவும் கொண்ட எமது சமூகம் அந்த வழக்கைப் பிறர் வழக்காகவே பார்த்து வந்திருக்கிறது என்பது என் எண்ணம். உண்மையில் அதில் எழுப்பப்பட்ட கேள்வி எம்மையும் நேரடியாகத் தொட்டது. அரசாங்க உத்தியோகத்துக்கு இன்ன தகுதி வேண்டும் என்று விதிக்கும்போது அந்தத் தகுதி செய்யப்படும் வேலைக்காகவா, அல்லது யார் உள்ளே இருக்கலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்று பிரிப்பதற்காகவா? இதுவே அக்கேள்வி. இலங்கை நீதிமன்றங்கள் அதற்கு இறுதி விடை கூறாமலே அந்த வழக்கு முடிந்துபோனது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இங்கு நோக்குவோம்.

முதலாவது வேலி

அரசாங்க உத்தியோகத்தைச் சுற்றி முதலில் எழுப்பப்பட்ட வேலி சிங்களம் அன்று, ஆங்கிலம். பிரித்தானியர் ஆட்சியில் கச்சேரியில் பேனா பிடிப்பதற்கும் ஆங்கிலம் வேண்டும். அதைக் கற்பிக்கும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையின் ஈமானுக்குப் பங்கம் வந்துவிடுமோ என்று அஞ்சிய முஸ்லிம் பெற்றோர் அப்பாடசாலைகளிலிருந்து விலகியே நின்றனர். அந்த அச்சத்தை இன்று எளிதாகக் குறை கூறிவிடலாம். அன்றைய சூழலில் அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதற்காகக் கொடுக்கப்பட்ட விலையும் பெரிது. வணிகத்தில் முன்னின்ற சமூகம் நிர்வாகத்தில் பின்தங்கியது.

இதனை முதலில் உணர்ந்தவர்களுள் அறிஞர் சித்திலெப்பை முதன்மையானவர். 1882இல் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையும், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்திருந்த ஒராபி பாஷாவின் ஆதரவும், 1892இல் கொழும்பில் உருவான அல் மத்ரஸத்துல் ஸாஹிராவும் இந்த வேலியைத் தாண்டுவதற்கான முயற்சிகளே. பின்னர் ரீ. பி. ஜாயா ஸாஹிராவின் அதிபராகி அக்கல்லூரியை வளர்த்தெடுத்தபோது, ஆங்கிலம் கற்ற முஸ்லிம் இளைஞர்களின் தலைமுறையொன்று தோன்றியது. அவர்களுள் ஒரு பகுதியினர் அரசாங்க சேவையினுள் நுழைந்தனர்.

ஆக, பல தலைமுறைகள் முயன்று ஒரு வேலியைத் தாண்டியவர்கள் உள்ளே சென்று அமரும் காலத்தில் அடுத்த வேலி எழுந்தது. இந்த அனுபவம் தமிழருக்கும் எமக்கும் பொதுவானது. ஆங்கிலத்தின் பயனை யாழ்ப்பாணம் எம்மைவிட முந்திப் பெற்றது என்பது மட்டுமே வேறுபாடு.

உள்ளே இருந்தவர்களுக்கு வந்த பரீட்சை

1944இல் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரச கரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். வீ. நல்லையாவின் திருத்தத்தின்படி தமிழும் அதிற் சேர்க்கப்பட்டே அது நிறைவேறியது. ஆங்கிலத்தின் இடத்துக்கு இரு சுதேச மொழிகளும் வரும் என்பதே அன்றைய பொது எண்ணம். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த எண்ணம் மாறிவிட்டது. 1956இன் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரச கரும மொழியாக்கியது. உடனே நடைமுறைப்படுத்த இயலாத இடங்களில் 1960 டிசம்பர் 31 வரை பழைய மொழியில் கருமமாற்ற அனுமதி வழங்கப்பட்டது.

அவ்வேளையில் எமது அரசியல் ஒரே நிலையில் இருக்கவில்லை. அமைச்சரவையில் சீ. ஏ. எஸ். மரிக்கார் இருந்தார். சேர் ராசிக் பரீத் சிங்களம் அரச கரும மொழியாவதை வெளிப்படையாக ஆதரித்தவர். மறுபுறத்தில், 1956 பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்ற பத்துப் பேருள் இருவர் கிழக்கைச் சேர்ந்த முஸ்லிம்கள்: கல்முனையில் எம். எஸ். காரியப்பர், பொத்துவிலில் எம். எம். முஸ்தபா. தென்னிலங்கையில் சிதறி வாழ்ந்த முஸ்லிமின் தேவையும் கிழக்கில் செறிந்து வாழ்ந்த முஸ்லிமின் தேவையும் ஒன்றாக இருக்கவில்லை. இதனை எவருடைய துரோகமாகவும் நான் காணவில்லை. வாழிடம் வகுத்த அரசியல் அது. ஆயினும் காரியாலயத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவன் மட்டக்களப்பானா மாத்தறையானா, இந்துவா முஸ்லிமா என்று சட்டம் கேட்கவில்லை. அது கேட்டது சிங்களம் தெரியுமா என்பதை மட்டுமே.

சலுகைக் காலம் முடிந்தபின் சட்டம் காரியாலயங்களுக்குள் வந்தது. 1961 டிசம்பர் 4ஆந் திகதியிட்ட 560ஆம் இலக்கத் திறைசேரிச் சுற்றறிக்கை, முன்னரே சேவையில் இருந்த உத்தியோகத்தர்கள் குறித்த காலங்களுள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைகளிற் சித்தியடைய வேண்டுமெனப் பணித்தது. சித்தியடையாதவரின் சம்பள உயர்வு நிறுத்தப்படும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சேவைக்குப் புதிதாக வருபவரிடம் ஒரு தகுதியைக் கேட்பது வேறு. ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் வேலை செய்து, அதற்கேற்ற சம்பளத் திட்டத்தில் அமர்த்தப்பட்டவரிடம் நடுவழியில் வேறொரு தகுதியைக் கேட்பது வேறு. குடும்பமும் கடனும் பிள்ளைகளின் படிப்புமாக வாழ்வின் நடுப்பகுதியில் நின்ற மனிதர்கள் பாலர் வகுப்பு எழுத்துகளிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. பலர் கற்றனர், சித்தியும் அடைந்தனர். சிலர் மறுத்தனர்.

மாவட்ட நீதிமன்றமும் 29ஆம் பிரிவும்

மறுத்தவர்களுள் ஒருவர் கோடீஸ்வரன். பொது எழுதுவினைஞர் சேவையில் நிறைவேற்றுத் தரத்தில் இருந்தவர். அவர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்ரலில் கிடைக்கவேண்டிய சம்பள உயர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. தொகை சிறியது. ஆனால் வழக்குக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் சட்டமா அதிபரை எதிராளியாக்கி அவர் வழக்குத் தொடர்ந்தார். சுற்றறிக்கை செல்லாது, ஏனெனில் அதற்கு மூலமான 1956ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்பது அவருடைய வாதம்.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அந்த வாதத்துக்கு அடித்தளமாக இருந்தது. ஒரு சமூகத்தவர் அல்லது மதத்தவர் மீது மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத தடைகளையோ இயலாமைகளையோ பாராளுமன்றம் சுமத்தலாகாது. ஒரு சமூகத்தவருக்கு மட்டும் சலுகை வழங்கலாகாது. அவ்வாறு சட்டம் ஆக்கினால் அது வெறுமையானது என்பதே அப்பிரிவின் சாரம். அதில் முன்னரே நம்பிக்கை இழந்தவர்களும் இருந்தனர். மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்த சட்டங்கள் கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் கோமறைக் கழகத்தின் முன் சென்றபோது, அவை 29ஆம் பிரிவை மீறவில்லை என்றே அக்கழகம் தீர்ப்பளித்திருந்தது.

ஆயினும் 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் கோடீஸ்வரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லாது, ஆகவே சுற்றறிக்கையும் செல்லாது. நாட்டின் அரசியலைப் புரட்டிப்போட்ட சட்டமொன்றை ஒரு மாவட்ட நீதிபதி இவ்வாறு கூறியது சாதாரண விடயமன்று. அதே ஆண்டில் ரணசிங்க வழக்கில் கோமறைக் கழகம், 29ஆம் பிரிவின் காப்புகள் இந்நாட்டு மக்களிடையேயான உரிமைச் சமநிலையைக் குறிப்பவை என்று கூறியதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும்.

இவ்விடத்தில் என் சொந்தக் கருத்தொன்றைக் கூற விரும்புகிறேன். 29ஆம் பிரிவு பேசுவது சமூகத்தையும் மதத்தையும் பற்றி; மொழியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே மொழியால் வரும் தடை ஒரு சமூகத்தின் மீதான தடையாகுமா என்பதே வழக்கின் முடிச்சு. தமிழ் பேசுவோர் எல்லோரும் ஒரே சமூகத்தவர் அல்லர், முஸ்லிம்களும் தமிழ் பேசுகின்றனர், ஆகவே இது சமூகத்தைப் பார்த்து ஆக்கப்பட்ட சட்டமன்று என்று வாதிட ஒருவருக்கு இடமுண்டு. அவ்வாறு வாதிடப்பட்டால் எமது இருப்பே தமிழனின் வாதத்தை முறிக்கும் கருவியாகிவிடும். என் நோக்கில் அந்த வாதம் தலைகீழானது. ஒரு தடை ஒரு சமூகத்துக்குப் பதிலாக இரண்டு சமூகங்களின் மீது விழுந்தால் அநீதி இரட்டிப்பாகுமேயன்றி இல்லாமற் போகாது. இதனை நீதிமன்றத்தில் எடுத்துரைக்க எம்மவர் ஒருவரும் இன்னொரு வழக்காளியாக நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வாசலில் நின்ற வழக்கு

சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். 1967இல் உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் எச். என். ஜீ. பெர்னாண்டோவும் நீதியரசர் ஜீ. பீ. ஏ. சில்வாவும் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை மாற்றினர். அவர்கள் மொழிச் சட்டம் செல்லும் என்று கூறவில்லை. செல்லாது என்றும் கூறவில்லை. அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்றனர். முடியின் விருப்பம் உள்ளவரையே அவன் பதவியில் இருக்கிறான். ஆகவே சம்பளத்தைக் கேட்டு வழக்காடும் உரிமை அவனுக்கில்லை என்பது இங்கிலாந்து வழிவந்த கோட்பாடு. கதவைத் தட்டும் உரிமையே இல்லாதவன் உள்ளே வந்து என்ன கேட்பான் என்பதை ஆராயவேண்டியதில்லை அல்லவா?

கோடீஸ்வரன் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குச் சென்றார். 1969 டிசம்பர் 11இல் டிப்லொக் பிரபு வழங்கிய தீர்ப்பு, இலங்கைச் சட்ட வரலாற்றை ஆழமாக ஆராய்கிறது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் - டச்சுச் சட்டம் இந்நாட்டின் பொதுச் சட்டம். அச்சட்டத்தின் வழியே முடிக்கு எதிராக ஒப்பந்த வழக்குத் தொடரும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு வேரூன்றிவிட்டது. ஆகவே அரசாங்க ஊழியன் தான் உழைத்துப் பெறவேண்டிய சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று அது தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் கோட்பாட்டை இங்கிலாந்தின் நீதியரசரே இலங்கைக்குப் பொருந்தாது என்று ஒதுக்கினார். இன்றும் அரசாங்க ஊழியரின் சம்பள உரிமை பற்றிய ஆராய்ச்சிகளில் இத்தீர்ப்பு எடுத்தாளப்படுகிறது. எந்த இனத்தைச் சேர்ந்த ஊழியராயினும் அதன் பயனைப் பெறலாம்.

ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குக் கோமறைக் கழகமும் விடை கூறவில்லை. உயர் நீதிமன்றம் அதைப் பரிசீலிக்காத நிலையில், அதன் கருத்தை முதலில் அறியாமல் தாம் கூறுவது தகாது என்று வழக்கைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது.

அது பின்னர் எடுத்துக்கொள்ளப்படவேயில்லை. 1970இல் ஆட்சி மாறியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் குடியரசு அரசியலமைப்பு பிறந்தபோது, சிங்களமே அரச கரும மொழி என்பது அரசியலமைப்புக்குள்ளேயே ஏறிவிட்டது. 29ஆம் பிரிவு மறைந்துவிட்டது. எந்த அளவுகோலால் சட்டத்தை அளக்கவேண்டுமென்று வழக்காளி கேட்டாரோ அந்த அளவுகோலே எடுத்து வீசப்பட்டது. 1956இல் இரு மொழிகளுக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடிய கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவே அந்த அரசியலமைப்பை ஆக்கும் பணிக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தார் என்பது வரலாற்றின் கசப்பு.

பிற நாடுகள் கூறிய விடை

கொழும்பில் இவ்வழக்கு உறங்கிக் கிடந்த அதே காலத்தில், தகுதி பற்றிய கேள்வி வேறு நாட்டு நீதிமன்றங்களில் நேராகவே கேட்கப்பட்டது. எமது நீதிமன்றம் எதைக் கேட்டிருக்கலாம் என்பதை விளங்கிக்கொள்ள அவற்றுள் சிலவற்றைப் பார்ப்பது பயனுடையது.

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் கம்பனியின் மின்னுற்பத்தி நிலையமொன்று. அங்கு வேலை செய்த 95 பேருள் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு நீண்டகாலமாகக் கூலித் தொழிலாளர் பகுதியில் மட்டுமே இடம். அப்பகுதியின் அதியுயர் சம்பளம் மற்றப் பகுதிகளின் அதிகுறைந்த சம்பளத்திலும் குறைவு. நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965 ஜூலை 2இல் நடைமுறைக்கு வந்த அன்றே கம்பனி புதிய விதியொன்றைக் கொண்டுவந்தது. கூலித் தொழில் தவிர்ந்த பகுதிகளிற் புதிதாகச் சேர, உயர்தரப் பாடசாலைச் சான்றிதழோடு இரு எழுத்துப் பரீட்சைகளிலும் சித்தி வேண்டும். அம்மாநிலத்தில் 1960ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வெள்ளையின ஆண்களில் 34 வீதமானோரும் கறுப்பின ஆண்களில் 12 வீதமானோரும் மட்டுமே அச்சான்றிதழைப் பெற்றிருந்தனர். சான்றிதழ் இல்லாமலே முன்னர் சேர்ந்த வெள்ளையினத்தவர் அதே வேலைகளைக் குறைவின்றிச் செய்துகொண்டுமிருந்தனர்.

வில்லி கிரிக்ஸும் அவரது சகாக்களும் தொடுத்த வழக்கில் 1971 மார்ச் 8இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சான்றிதழோ பரீட்சையோ செய்யப்படும் வேலையோடு தொடர்புடையது என்று காட்டப்பட வேண்டும். காட்ட முடியாவிட்டால், தீய நோக்கம் இல்லாவிடினும், ஒரு சமூகத்தை வெளியே தள்ளும் அந்தத் தகுதி செல்லாது. இது தனியார் கம்பனி பற்றிய வழக்கு. அடுத்த ஆண்டிலேயே அச்சட்டம் அரசாங்க உத்தியோகங்களுக்கும் விரிக்கப்பட்டது. எனினும் வொஷிங்டன் நகரப் பொலிஸ் சேவைக்கான சொல்லறிவுப் பரீட்சை பற்றிய வழக்கில், 1976இல் அதே நீதிமன்றம், அரசியலமைப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வருபவர் பாகுபாட்டு நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும் என்று எல்லை வகுத்தது.

இந்தியாவில் விடை வேறு விதமாக வந்தது. ஜம்மு - காஷ்மீர் பொறியியல் சேவையில் பட்டதாரிகளுக்கு மட்டுமே நிறைவேற்றுப் பொறியியலாளர் பதவியுயர்வு என்ற விதியை, ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்த டிப்ளோமாதாரர்கள் எதிர்த்தனர். 1973இல் திரிலோகி நாத் கோசா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்விதியை ஏற்றது. நிர்வாகத் திறனுக்காகக் கல்வித் தகுதியைக் கொண்டு பிரிக்கலாம் என்றது. ஆனால் நீதியரசர் கிருஷ்ணய்யர், திறமையின் பெயரால் சமத்துவம் விழுங்கப்பட்டுவிடக் கூடாதென்று தனியே எச்சரித்தார்.

இவ்விடைகள் ஒன்றுக்கொன்று வேறானவை. ஆயினும் அந்நாடுகளில் கேள்வி கேட்கப்பட்டது. காரணம் காட்டு என்று தகுதியை விதித்தவரிடம் நீதிமன்றம் சொன்னது. இலங்கை எழுதுவினைஞருக்குக் கிடைக்காமற் போனது அதுதான். தோல்வியையாவது அவர் காரணத்தோடு பெற்றிருக்கலாம்.

எழுத்தில் வந்த விடை

நீதிமன்றம் சொல்லாத விடை பின்னர் வேறு வழியில் எழுத்தில் வந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம் ஆகியவற்றோடு மொழியையும் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அதே உறுப்புரை, அரசாங்க உத்தியோகத்தருக்கு ஒரு மொழியறிவைத் தகுதியாக விதிக்கவும் இடமளிக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு: கற்பதற்கு நியாயமான காலம் கொடுக்கப்பட வேண்டும், அம்மொழியறிவு அப்பதவியின் கடமைகளை நிறைவேற்ற நியாயமான அளவு அவசியமானதாக இருக்கவேண்டும். கிரிக்ஸ் வழக்கின் கேள்வியும் இதுவே. 1962இல் இப்படியொரு வாசகம் எமது அரசியலமைப்பில் இருந்திருந்தால், கோடீஸ்வரனின் சட்டத்தரணி எங்கிருந்து தொடங்குவது என்று தேடவேண்டியிருந்திராது.

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007இல் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு ஜூலை 1 முதல் சேவையிற் சேருவோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டுமெனப் பணித்தது. சிங்கள உத்தியோகத்தர் தமிழையும் தமிழ் பேசும் உத்தியோகத்தர் சிங்களத்தையும் கற்கவேண்டும். 1961இன் சுற்றறிக்கைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வாசகர் அளந்து பார்க்கட்டும். முன்னது ஒரு திசையில் மட்டுமே சென்றது. பின்னது, நடைமுறையில் எவ்வளவு தளர்ந்திருந்தாலும், எழுத்தளவிலாவது இரு திசையிலும் செல்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? தகுதியே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. எமது பிள்ளையின் நோய்க்கு மருந்து எழுதுபவர் வைத்தியம் படித்திருக்கத்தான் வேண்டும். பிரதேச செயலகத்துக்குச் செல்லும் விதவைத் தாயிடம் அவள் மொழியில் பேசத் தெரிந்தவர் அங்கு இருக்கத்தான் வேண்டும். மொழியறிவு என்பது அந்தத் தாய்க்காகக் கேட்கப்படும்போது நியாயமான தகுதி. அலுவலகத்தினுள் யார் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டுக் கேட்கப்படும்போது அதே மொழியறிவு வேலியாகிவிடுகிறது. பரீட்சைத்தாள் ஒன்றாகவே இருக்கலாம். அது எதற்காக வைக்கப்படுகிறது என்பதை விதிப்பவரிடம் கேட்டே அறியவேண்டும்.

இப்போது அதைக் கேட்பதற்கான வழி திறந்திருக்கிறது. நிர்வாகச் செயலொன்றினால் சமத்துவ உரிமை மீறப்பட்டதாகக் கருதும் எவரும் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை கூறுகிறது. நிறைவேறிவிட்ட சட்டமொன்றை எதிர்க்க அங்கு இடமில்லை. ஆனால் சுற்றறிக்கையை, நியமன விதியை, நேர்முகத் தேர்வின் நிபந்தனையை எதிர்க்கலாம். வர்த்தமானி அறிவித்தலிற் கண்ட தகுதி நியாயமற்றது என்று வீட்டுத் திண்ணையில் இருந்து புலம்பிவிட்டு அந்த ஒரு மாதத்தைக் கடத்திவிடும் இளைஞர்கள் எம் ஊர்களில் அநேகர். அவர்களுக்கு இந்த வரலாறு தெரியவேண்டும். ஒரு சிறிய சம்பள உயர்வுக்காக ஓர் எழுதுவினைஞர் கொழும்பிலிருந்து இலண்டன் வரை ஏழு ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடினார். அவர் கேட்ட பெரிய கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அரசாங்க ஊழியன் முடியை எதிர்த்துக் கேட்கலாம் என்ற உரிமையோ அவரால் நிலைநாட்டப்பட்டது. அந்த உரிமை எமக்கும் உரியது.